வக்கீல் வந்துசேர வேண்டிய நேரம்

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் அவற்றில் இரண்டு தீபாவளிகளைச் சிறைக்குள் கழித்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் அவர் கைதானார், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார். ஜூரிகளுக்கு முன் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி திரும்பி வந்தது. வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். முதலில் தண்டனை வாங்கித் தந்த அதே சாட்சியங்களைத்தான் இரண்டாவது அமர்வும் படித்தது. முடிவு மட்டும் நேரெதிராக வந்தது.

தமிழ்நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய இரண்டு கலைஞர்கள். காசு இருந்தது, செல்வாக்கு இருந்தது, வெளியில் ஓயாமல் அலைய கிருஷ்ணனின் மனைவி டி.ஏ.மதுரம் போன்ற துணை இருந்தது. அப்படியும் வெளியே வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று ஒரு சித்தாள் வேலைக்காரரையோ, லோடு ஆட்டோ ஓட்டுநரையோ கொலை முயற்சி வழக்கில் நள்ளிரவில் வீட்டிலிருந்து கூட்டிப்போனால், அவருக்காக யார் அலைவது?

‘அரசே இலவசமாக வக்கீல் தருகிறதே’ என்று பதில் வரும். தருகிறது; மறுப்பதற்கில்லை. ஆனால், எப்போது தருகிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். சாட்சிக் கூண்டில் ஆட்கள் ஏறத் தொடங்கிய பிறகு வரும் வக்கீல், ஏற்கெனவே பாதி எழுதப்பட்ட வழக்கைத்தான் கையில் வாங்குகிறார். காவல் நிலையத்தில் கழியும் முதல் 24 மணி நேரமும், அதைத் தொடர்ந்து வரும் ரிமாண்டும் வழக்கின் தலைவிதியை எழுதுகின்றன. சட்ட உதவி போய்ச்சேர வேண்டிய இடம் அது.

‘வெளிவர முடியாத’ பிரிவு

முதல் குழப்பம் செய்தித்தாள்களிலிருந்தே தொடங்குகிறது. ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளில் வழக்குப் பதிவு’ என்று நாம் தினமும் எழுதுகிறோம். படிக்கும் குடும்பம் இடிந்துபோகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சில குற்றங்களில் ஜாமீன் உரிமை; காவல் நிலையத்திலேயே கொடுத்துவிட வேண்டும். மற்றவற்றில் ஜாமீன் தருவதா வேண்டாமா என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும். இரண்டாவது வகைக்கு நாம் வைத்த பெயர்தான் ‘வெளிவர முடியாத பிரிவு’. கொலை வழக்கில்கூட ஜாமீன் கிடைத்தவர்கள் உண்டு. இந்த ஒரு சொற்றொடரை நம்பி, ‘எப்படியும் கிடைக்காது’ என்று மனுவே போடாமல் விடும் குடும்பங்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த குழப்பம் எண்களில். 302 என்றால் கொலை, 307 என்றால் கொலை முயற்சி, 420 என்றால் மோசடி என்பது சினிமா பார்த்த குழந்தைக்கும் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவு, கொலை முயற்சி 109, மோசடி 318. எஃப்.ஐ.ஆரில் புதிய எண்ணைப் பார்த்துவிட்டு, ‘ஏதோ சின்ன கேஸ்தான்’ என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதே நேரத்தில், எஃப்.ஐ.ஆரில் எழுதப்பட்ட பிரிவே கடைசிவரை நிற்கும் என்பதும் இல்லை. புலன்விசாரணையில் பிரிவு மாறலாம். குற்றப்பத்திரிகையில் மாறலாம். நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும்போதும் மாறலாம்.

கோயில் கொடையில் இரண்டு தெருக்காரர்களுக்குள் கைகலப்பு. ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். திட்டமிட்டுக் கொன்றிருந்தால் அது கொலை. தண்டனை தூக்கு அல்லது ஆயுள். திடீர்ச் சண்டையில், முன்யோசனை ஏதுமின்றி நடந்ததென்றால் அது கொலையாகாத மரணம் விளைவித்தலாக ஆகலாம். நோக்கமின்றி, விளைவு தெரிந்து செய்த செயல் என்ற அளவில் நின்றால் தண்டனையின் உச்சவரம்பே 10 ஆண்டுகள்தான். கூட்டத்தில் நின்ற பத்துப் பேரையும் ‘பொது நோக்கம்’ என்ற ஒரே கயிற்றில் கட்டிவிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. கம்பைத் தொடாமல் வேடிக்கை பார்த்தவரும் அந்தக் கயிற்றில் சிக்கலாம். யார் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது, வெளிச்சம் இருந்ததா என்பவை அப்போது உயிர்நாடியான கேள்விகள் ஆகின்றன. மறுநாளே அந்தத் தெருவுக்குப் போய் இதைக் குறித்துவைக்கும் வக்கீலுக்கும், இரண்டு வருடம் கழித்துக் கேஸ் கட்டைப் பிரிக்கும் வக்கீலுக்கும் உள்ள தூரம், ஆயுள் தண்டனைக்கும் விடுதலைக்கும் உள்ள தூரமாகவே ஆகிவிடலாம்.

காவல் நிலையத்தின் 24 மணி நேரம்

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது கூறு. பயண நேரம் இதில் சேராது. அதே கூறு, தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையையும் தருகிறது. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு. விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான். தனக்கே எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 20ஆவது கூறு. ஒடிஷா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில், 1978இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இந்த மௌன உரிமைக்குக் காவல் நிலையத்துக்குள்ளேயே உயிர் கொடுத்தார்.

1996 டிசம்பரில் வந்த டி.கே.பாசு தீர்ப்பு, காவலில் நடக்கும் வதைகளுக்குக் கடிவாளம் போட முயன்றது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இவற்றில் பல பிறகு சட்டத்திலேயே ஏறிவிட்டன. கைதுக்கான காரணத்தை, அவருக்குப் புரியும் மொழியில், எழுத்திலேயே தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்துமாறு விரித்தது. கைதின்போது எழுதித் தர முடியாமல் போனால், ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தந்தாக வேண்டும்.

காகிதத்தில் இத்தனை காவல் இருந்தும், நம் ஊர் காவல் நிலையக் கழிவறைகள் மட்டும் ஏனோ வழுக்கிக்கொண்டே இருக்கின்றன. ‘தப்பி ஓட முயன்றபோது தவறி விழுந்து கை முறிந்தது’ என்ற செய்தியும், மாவுக்கட்டோடு எடுத்த படமும் வேடிக்கைப் பொருளாகிவிட்டன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, நாடே அதிர்ந்தது. காவல் நிலையத்துக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கும் நடுவில் ஒரு மருத்துவச் சான்றும் ஒரு ரிமாண்ட் உத்தரவும் இருந்தன. இரண்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ரிமாண்டின்போது, அவர்கள் பக்கத்தில் நின்று ‘ஐயா, இவர்களுடைய உடம்பைப் பாருங்கள்’ என்று சொல்ல ஒரு வக்கீல் இருந்திருந்தால் என்ற கேள்வி இன்னும் மனதை அறுக்கிறது.

வாக்குமூலம் இன்னொரு கண்ணிவெடி. போலீஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தொட்டு வரும் விதி. புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதி செல்லும். ‘முள்புதரிலிருந்து அரிவாளை எடுத்துத் தந்தார்’ என்று எத்தனை மகஜர்கள் எழுதப்படுகின்றன என்பதை நீதிமன்றத் தாழ்வாரங்களில் நடப்பவர்கள் அறிவார்கள். படித்துப் பார்க்காமல் போடும் ஒரு கையெழுத்து பின்னாளில் ஆளையே விழுங்கும். ‘கொலையாளி பரபரப்பு வாக்குமூலம்’ என்று தலைப்பிடும் நாமும், நீதிமன்றம் ஏற்காத ஒன்றை ஊர் ஏற்கும்படி செய்துவிடுகிறோம்.

போலீஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலமே சாட்சியம் ஆகும் என்று ஒரு சட்டம் சொன்னால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான ‘தடா’ அப்படித்தான் சொன்னது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நன்கொடை திரட்டி, வழக்கறிஞர்களைத் தேடி, மேல்முறையீட்டை நடத்த வெளியில் சிலர் இருந்தார்கள். இல்லையென்றால் அந்த 19 பேரின் கணக்கு எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

60, 90 என்னும் எண்கள்

ரிமாண்ட் ஆனதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை நாளில் வருவார்?’ குத்துமதிப்பாகப் பதில் சொல்லும் பலரும், சட்டமே நாள் குறித்துவைத்திருப்பதைச் சொல்வதில்லை. தூக்கு, ஆயுள், அல்லது 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். கொலை வழக்கானாலும் அப்படித்தான். வணிக அளவிலான போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கெடு 180 நாள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெடு முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. மனுப் போட வேண்டும். ஜாமீன் தரத் தயார் என்று சொல்ல வேண்டும். அதுவும் குற்றப்பத்திரிகை வந்து விழுவதற்கு முன்பே செய்ய வேண்டும். 91ஆம் நாள் காலை மனுவோடு நிற்கும் வக்கீலின் கட்சிக்காரர் வெளியே வருகிறார். அன்று வேறு கோர்ட்டில் வாய்தா இருந்தது என்று மறுநாள் வருபவரின் கட்சிக்காரர் உள்ளேயே இருக்கிறார். வக்கீலே இல்லாதவருக்கு, அப்படியொரு நாள் வந்துபோனதே தெரியாது.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. பேச்சுவழக்கில் ‘குண்டாஸ்’ என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணை ஏதுமின்றி ஓராண்டு வரை ஒருவரைத் தடுத்துவைக்க இடம் தருகிறது. கொலை வழக்கில் ஜாமீன் கிடைத்துவிடுமோ என்று தோன்றும் நேரத்தில், ஆட்சியரிடமிருந்தோ ஆணையரிடமிருந்தோ சிறைக்கே உத்தரவு வரும். தடுப்புக்காவலை ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் இதில் கிடையாது. அரசமைப்புச் சட்டமே அதை மறுக்கிறது. ஆனால், உத்தரவை எதிர்த்து முறையீடு அனுப்பும் உரிமை இருக்கிறது. ஆவணங்களைப் புரியும் மொழியில் பெறும் உரிமை இருக்கிறது. முறையீட்டைப் பரிசீலிக்க அரசு தாமதித்தது என்பதற்காகவே உயர் நீதிமன்றம் ரத்துசெய்த குண்டாஸ் உத்தரவுகள் ஏராளம். அந்த முறையீட்டை எழுதித்தர ஆள் இருந்தால்தானே தாமதத்தைக் கணக்கிடவே முடியும்?

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் சிறையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம், ஜாமீன்தாரர் கிடைக்காததுதான். 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார் நடுவர். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்க மறுத்தார். ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே இல்லை என்ற பொருள்படத் தீர்ப்பெழுதி, அந்த நிபந்தனையைத் தளர்த்தினார் கிருஷ்ணய்யர். உத்தரவு வந்து ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 45 ஆண்டுகள் கழித்தும் அதே கொத்தனாரின் பிரச்சினையைத்தான் நீதிமன்றம் பேசிக்கொண்டிருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாமலே உள்ளே இருந்தார்கள்.

இலவசம் என்னும் இளக்காரம்

1979இல் பிஹார் சிறைகளில் தண்டனைக் காலத்தையும் தாண்டிக் கிடந்த விசாரணைக் கைதிகளுக்காக வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அது அறியப்படுகிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் வைத்துத் தராவிட்டால், அந்த விசாரணை நியாயமான விசாரணையே இல்லை என்றார் நீதிபதி பி.என்.பகவதி. பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீஸார் குருடாக்கிய கொடுமை தொடர்பான வழக்கில், 1981இல், இன்னும் ஒரு படி மேலே போனது நீதிமன்றம்: முதன்முறை நடுவர் முன் நிறுத்தும்போதே இந்த உரிமை தொடங்குகிறது, அதைக் கைதிக்கு எடுத்துச்சொல்வது நடுவரின் கடமை. கைதி கேட்கவில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் சொல்லி, வக்கீல் இல்லாமல் விதிக்கப்பட்ட தண்டனையையே ரத்துசெய்தது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. காவலில் இருக்கும் எவருக்கும் உண்டு. கைதாகிவிட்டால் அவர் ஏழையா, பணக்காரரா என்ற கேள்வியே இல்லை. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது.

இருந்தும், ‘இலவச வக்கீலா? அவர் எங்கே வாதாடப் போகிறார்!’ என்று தாலியை அடகு வைத்துத் தனியார் வக்கீலைத் தேடுகிறார்கள் நம் மக்கள். அந்த அவநம்பிக்கை சும்மா வரவில்லை. சொற்ப ஊதியம், அதுவும் காலம் கடந்து. ஒரே ஆளின் தலையில் எண்ணற்ற கட்டுகள். பழைய முறை அப்படித்தான் இருந்தது. 2022இல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவி எதிர்வழக்காடும் வழக்கறிஞர் அமைப்பு இதை மாற்ற முயல்கிறது. தனியார் வழக்கு எதுவும் எடுக்காமல், குற்ற வழக்குகளுக்காகவே முழுநேரம் உழைக்கும் வழக்கறிஞர்கள் மாவட்டந்தோறும் நியமிக்கப்படுகிறார்கள். அரசு தரப்புக்கு ஒரு பப்ளிக் பிராசிக்யூட்டர் இருப்பதுபோல எதிர்த்தரப்புக்கும் ஒரு அலுவலகம். நல்ல தொடக்கம்.

தனியார் வக்கீலைத்தான் வைப்பது என்றால், அதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். காவல் நிலையமே ‘எங்களுக்குத் தெரிந்தவர்’ என்று கைகாட்டும் வக்கீலிடம் போகாதீர்கள். செஷன்ஸ் விசாரணை நடத்திய அனுபவம் உண்டா, குறுக்கு விசாரணைக்கு அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா என்று கேளுங்கள். ‘இவ்வளவு கொடுங்கள், விடுதலை வாங்கித் தருகிறேன்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது தொழில் விதிகளுக்கே விரோதம். நம்பி ஒருவரை வைத்த பிறகு, அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் அவர் வாயைக் கட்டியிருக்கிறது. சாட்சியின் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போவது, வாட்ஸ்அப்பில் ‘எங்கள் பிள்ளை நிரபராதி’ என்று எதிராளியைத் திட்டிப் பதிவு போடுவது ஆகிய இரண்டும் கிடைத்த ஜாமீனையும் பறித்துவிடும்.

‘இவனுக்கெல்லாம் எதற்கு வக்கீல்?’

ஒரு குழந்தை சிதைக்கப்படும்போது இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. எழுவதைக் குறை சொல்லவும் முடியாது. ‘இந்த வழக்கில் எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராக மாட்டார்கள்’ என்று வழக்கறிஞர் சங்கங்களே தீர்மானம் போடுவதைப் பார்த்திருக்கிறோம். கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல் ஏற்பட்டபோது, குற்றம்சாட்டப்பட்ட போலீஸாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. அந்த வழக்கில் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்றது. மற்றவர்களைக் கைதுசெய்யும் போலீஸ்காரருக்கே ஒருநாள் வக்கீல் தேவைப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அறத்தை விடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நின்றே யோசிப்போம். 2013 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கண்டுவா மாவட்டத்தில் ஒன்பது வயதுச் சிறுமி பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டாள். ஓர் இளைஞர் கைதானார். பிப்ரவரி 19 அன்று அவருக்குச் சட்ட உதவி வக்கீல் ஒருவரை நியமித்தார்கள். அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டது. மார்ச் 4 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு, தூக்கு. குற்றச்சாட்டிலிருந்து தீர்ப்புக்கு 13 நாள். நாடு முழுவதும் ‘விரைவு நீதி’ கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. கட்டைப் படிக்கக்கூட நேரம் தராமல் நியமிக்கப்படும் வக்கீல், வக்கீல் இல்லாததற்குச் சமம் என்பதே அதன் சாரம். தூக்கோ ஆயுளோ விதிக்கப்படக்கூடிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரை நியமிக்க வேண்டும். தயாராவதற்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் வரையறுத்தது. மறுவிசாரணையில் மீண்டும் தூக்கு; மீண்டும் அது ரத்து; டி.என்.ஏ. அறிக்கை தந்த நிபுணரை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. கடைசியில் 2024 மார்ச்சில் அந்த இளைஞர் விடுதலையானார். 11 ஆண்டுகள். இத்தனைக்கும் பிறகு அந்தச் சிறுமியைக் கொன்றது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. தொடக்கத்திலேயே தகுதியான ஒரு வக்கீல் டி.என்.ஏ. அறிக்கையைக் கையில் எடுத்து நாலு கேள்வி கேட்டிருந்தால், தவறான ஆள் என்றால் அன்றே தெரிந்திருக்கும். சரியான ஆள் என்றால் எந்த நீதிமன்றத்தாலும் அசைக்க முடியாத தீர்ப்பு கிடைத்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலை ஒப்புக்கு வைத்ததில் முதலில் தோற்றது அந்தப் பெற்றோர்தான்.

ரிமாண்ட் உத்தரவில் ஒரு வரி

கைதுக்கு முன்பும், கைதின்போதும், ரிமாண்டின்போதும் சட்ட உதவி போய்ச்சேர வேண்டும் என்று 2019இலேயே தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு செயல்திட்டம் வகுத்துவிட்டது. காவல் நிலையத்தில் அழைத்தால் வர வேண்டிய வழக்கறிஞர், ரிமாண்ட் வழக்கறிஞர் எல்லாமே அதில் உண்டு. அதனால் புதிய சட்டம் எதையும் கேட்க வேண்டியதில்லை. இருப்பது நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வேண்டும்.

கைதுகள் அலுவலக நேரம் பார்த்து நடப்பதில்லை. சனிக்கிழமை இரவு பிடித்து, ஞாயிற்றுக்கிழமை நடுவரின் வீட்டில் ரிமாண்ட் செய்வது வாடிக்கை. ஆணைக்குழுவின் வழக்கறிஞர்களும் மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவரைப் போல முறை வைத்து, விடுமுறை நாளிலும் இரவிலும் வர வேண்டும். அப்படி வருபவருக்கு அதற்கான படியைத் தாமதமின்றித் தர வேண்டும். கைதைப் பதிவுசெய்யும் அந்த நிமிடமே காவல் நிலையத்திலிருந்து ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்வது எப்படிக் கட்டாயமோ அப்படி.

மூன்றாவதாக நான் கேட்பது, செலவே இல்லாத ஒன்று. ரிமாண்ட் உத்தரவுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: ‘குற்றம்சாட்டப்பட்டவரை வழக்கறிஞர் சந்தித்த நேரம்.’ பக்கத்தில் அந்த வழக்கறிஞரின் கையெழுத்து. காயம் இருக்கிறதா, கைதுக்கான காரணம் தமிழில் எழுதித் தரப்பட்டதா என்பதை இன்றும் நடுவர் கேட்டாக வேண்டும். அத்தோடு இந்த வரியையும் நிரப்ப வேண்டும் என்றால், அது காலியாக இருக்கும்போது அவருக்கே பேனா ஓடாது. ஓடினால், உயர் நீதிமன்றத்தில் அந்தக் காலி இடமே பேசும்.

பாகவதர் விடுதலையாகி வந்தபோது ரசிகர்கள் அவரை வரவேற்கத்தான் செய்தார்கள். ஆனால், அதற்குப் பிறகு வந்த படங்கள் ஓடவில்லை. பழைய வாழ்வு திரும்பவே இல்லை. தீர்ப்பால் சிறைக் கதவைத் திறக்க முடியும், போன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை நடுவரின் வீட்டு வாசலில், கையில் விலங்கோடு வேனிலிருந்து இறக்கப்படும் அந்த ஓட்டுநருக்கு எத்திராஜ் வர வேண்டியதில்லை. அவர் பெயரையும் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவருக்கு முன்பே அங்கு வந்து நிற்கும் ஒரு இளம் வக்கீல் போதும்.